கலியாண வீடியோவுக்கு எந்த லப்டொப்?

கேள்வி: அண்ணை, நான் திருகோணமலையில கலியாண வீடியோ செய்யிறனான். நிலாவெளி கடற்கரையில எடுத்த 4கே கிளிப்புகள டாவின்சி ரிசோல்வ் எண்ட எடிட்டிங் மென்பொருளில போட்டா பழைய லப்டொப் அப்பிடியே நிண்டுபோகுது. கமரா பதியிறது எச்.265 (வீடியோவச் சுருக்கிற முறை), 10 பிட், 4:2:2. புதுசு வாங்கப்போறன், பெரிய கிராபிக்ஸ் காட் இருந்தா காணுமோ?
திருகோணமலை வாசகர்

பதில்: கிராபிக்ஸ் காட்ட மட்டும் பாத்து வாங்கிடாதீங்கோ தம்பி. உங்கட கமராவின்ர 4:2:2 (நிற விபரத்தக் கூடுதலா வைக்கிற பதிவு) தான் இஞ்ச முக்கியம், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை காட்டுகள் அந்த வகைச் சுருக்கின ஃபைல வன்பொருளால (காட்டிலயே அதுக்கெண்டு இருக்கிற பகுதியால) விரிக்காது, 50 வரிசை விரிக்கும், ஆனா இன்டெல் 11ஆம் தலைமுறையில இருந்து வாற சிப்புகளின்ர உள் கிராபிக்ஸே (குயிக் சிங்க் எண்டு சொல்லுவினம்) அத லேசாச் செய்யும், அதால 40 வரிசை எடுக்கிறதெண்டா இன்டெல் சிப்போட எடுங்கோ. ஆனா ரிசோல்வ் ஸ்டூடியோ, காசு குடுத்து வாங்கிற பதிப்பு, இருந்தாத்தான் இதின்ர முழுப்பலன் வரும்.

கலர் கிரேடிங் (நிறம் திருத்திறது), படத்தில வாற நொய்ஸ் (புள்ளிகள்) குறைக்கிறதுக்கெல்லாம் காட்டின்ர சொந்த மெமரி வேணும். லப்டொப்பில வாற ஆர்டிஎக்ஸ் 4050இல 6 ஜிபி, 4060இல 8 ஜிபி. நான் 8 தான் சொல்லுவன். றாம் 32 ஜிபி.

இன்னொண்டு, ஒரே 4060 பேர்ல 35 வாட்ஸிலயும் இருக்கு 115 வாட்ஸிலயும் இருக்கு, வேகம் நல்லா வித்தியாசம், கடையில கட்டாயம் கேளுங்கோ. றெண்டர் பண்ணேக்க (முடிஞ்ச வீடியோவ ஃபைலா எடுக்கேக்க) சார்ஜரக் குத்தி வையுங்கோ, பற்றரியில வேகம் குறைஞ்சிடும். நிலாவெளி உப்புக்காத்துக்குள்ள திறந்து வைச்சு வேலை செய்யாதீங்கோ, ஃபான் பாவம்.