பழைய சினிமாஸ்கோப் படங்களை ப்ளூ-ரேயில் விடும்போது டிவி முழுக்க நிறைகிற மாதிரி ஏன் தருவதில்லை? காசு கொடுத்து வாங்கிக் கறுப்புப் பட்டையையா பார்ப்பது?

பெரிய டிவியாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் பெரியவர் யாருக்காவது பிடிக்குமே என்று பழைய படம் ஒன்றை வரவழைத்திருப்பீர்கள். வெளிநாட்டு டிஸ்க் என்றால் விலையும் கொஞ்சம் கடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் மேலேயும் கீழேயும் கறுப்பு. ஆத்திரம் வரத்தான் செய்யும். ரிமோட்டில் ஜூம் என்று ஒரு பட்டன் இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைய டிவியின் அகலம், உயரத்தைப் போல 1.78 மடங்கு. சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் வெளிவந்த முதல் படம் 1953-ல் வந்த 'தி ரோப்'. அதன் அகலம் 2.55 மடங்கு. அப்புறம் ஃபிலிமின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்ததில் 2.35 ஆகக் குறைந்தது. 2.35 படத்தை டிவி நிறைய இழுத்துப் பெரிதாக்கினால் இரண்டு ஓரத்திலும் சேர்த்துக் கால்வாசிப் படம் வெளியே போய்விடும். 2.55 என்றால் 30 சதவீதம் காலி. எடுத்தவன் எடுத்தபடி முழுப்படமும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கறுப்புப் பட்டைதான் அத்தாட்சி.

இதில் எனக்கென்ன இவ்வளவு ரோஷம் என்று கேட்பீர்கள். என் தாய்மாமா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் கடலை ஒட்டிய ஊர்களில் கொட்டகை போட்டு ஓட்டியவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கேபினில்தான் கிடப்பேன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-ல் வந்தது. அது ஊர் ஊராக ஓடித் தேய்ந்து எங்கள் கொட்டகைக்கு வந்து சேர நாளாயிற்று. பெட்டி வந்திறங்கியதும் மாமா ரீலில் ஒரு முழம் உருவி வெயிலில் பிடித்துக் காட்டினார். அதில் இருந்தவர்கள் எல்லாம் பனைமரம் மாதிரி ஒல்லியாக, நெடுநெடுவென்று நின்றார்கள். எடுக்கும்போதே அகலத்தைப் பாதியாக நெருக்கி ஃபிலிமில் அடைத்துவிடுகிறார்கள், ஓட்டும்போது புரொஜெக்டருக்கு முன்னால் ஸ்கோப் லென்ஸை மாட்டினால் அது விரித்துக் கொடுக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

லென்ஸ் வாடகைக்கு வந்துவிட்டது. திரைதான் பற்றவில்லை. படம் இரண்டு பக்கமும் வழிந்து கீற்றுத் தட்டியில் விழுந்தது. முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "ஓரத்துல என்னய்யா இருக்கப்போவுது? கதை நடுவுலதான நடக்குது" என்றார். மாமா அமைதியாக, "அப்ப நடுவுல உட்காந்தவனுக்கு மட்டும் டிக்கெட்டுக் குடுங்க மொதலாளி" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். படகுக்குப் பாய் தைக்கிற ஒருவரைப் பிடித்து, பழைய பாய்த்துணியை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்து, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டோம். கிட்டே போய்ப் பார்த்தால் தையல் தெரியும். எட்ட இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் கடல்காற்று ஏறினால் லென்ஸில் உப்பு படியும். படம் மங்கும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித்துண்டு ஒன்றை மாமா அதற்கென்றே தகர டப்பாவில் மூடி வைத்திருப்பார். வேறு துணி பட்டால் திட்டு விழும். துடைத்து மாட்டும்போது லென்ஸ் ஒரு இம்மி திரும்பிவிட்டாலும் போச்சு, திரையில் எல்லாம் சாய்ந்து நிற்கும். அதனால் முதல் ரீல் ஓடத் தொடங்கியதும் என்னைத் திரைக்குப் பக்கத்தில் ஓடவிட்டு, "தூணு நிமிந்துருக்கா பாருடா மாப்ள" என்பார். நான் கையை ஆட்டினால்தான் லென்ஸை இறுக்குவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 1980-களில் வீடியோ வந்து சேர்ந்தது. கடலோரத்தில் உயரமாக ஆண்டெனா நட்டு இலங்கை ரூபவாகினி பார்த்தவர்கள் நாங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் டெக்கையும் கேசட்டையும் கொண்டுவந்தார்கள். அன்றைய டிவி கிட்டத்தட்டச் சதுரம். ஸ்கோப் படத்தை அதில் நிறையும்படி கேசட்டாக்க, ஓரங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வெட்டியிருப்பார்கள். நாயகன் ஒரு கோடியிலும் நாயகி மறுகோடியிலும் நிற்கிற காட்சியில் நடுவில் இருக்கிற காலி நாற்காலிதான் தெரியும், ஓரத்தில் அரை மூக்கு. ஒரு கல்யாண வீட்டில் மாமா அதை உட்கார்ந்து பார்த்தார். "யாருகிட்டடா பேசிக்கிட்டு இருக்கான் இவன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தவர் திரும்ப உள்ளே வரவில்லை.

ஆக, 'டிவி நிறையத் தரக்கூடாதா' என்று நீங்கள் கேட்டது புதிய யோசனை இல்லை. உலகம் முழுக்க இருபது முப்பது வருஷம் அதைத்தான் செய்தார்கள். அதிலிருந்து மீண்டு வந்ததுதான் இன்றைய ப்ளூ-ரே.

காசு கொடுத்து வாங்கியதைச் சொன்னீர்கள், அந்த விலைக்கும் வருகிறேன். கொட்டகை மூடியபிறகு முதலாளி வீட்டுப் பின்கட்டில் சில பெட்டிகள் கிடந்தன. விநியோகஸ்தர் திரும்பக் கேட்காத பிரிண்டுகள். பல வருஷம் கழித்து மாமாவும் நானும் திறந்தோம். மூடியை நெம்பியதுமே காடி வாடை, கண் எரிந்தது. சுருள் விறைத்து, ஓரம் நெளிந்து, பிரிக்கப் பிரிக்க முறிந்தது. முறியாத ஒரு துண்டை மாமா வெளிச்சத்தில் பிடித்தார். வானம், மரம், புடவை எல்லாம் ஒரே ரோஸ் நிறம். "இதுல பச்சைன்னு ஒண்ணு இருந்துச்சுடா" என்றார்.

இதற்குக் காரணம் உண்டு. அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, காடியில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே மேற்கொண்டு சிதைவை விரைவுபடுத்தும். ஒரு பெட்டிக்கு வந்தால் பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். அந்தக்கால ஈஸ்ட்மன் கலரில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது சிவப்பு. குளிரூட்டி, ஈரம் படாமல் வைத்திருந்தால் தப்பும். எங்கள் கடற்கரையில் ஆணியே தப்பாது, ஃபிலிம் எங்கே தப்பும்.

ஹாலிவுட்டில் பல படங்களுக்கு மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்து வைத்தார்கள். கறுப்பு வெள்ளை வெளுக்காது, வேண்டும்போது மூன்றையும் சேர்த்து நிறத்தை மீட்கலாம். கேமராவில் ஓடிய ஒரிஜினல் நெகட்டிவ் கிடைத்தால் அதிலிருந்தே ஸ்கேன் செய்வார்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் 2,16,000 சட்டகங்கள். தூசியும் கீறலும் கணினி எடுத்துவிடும் என்பார்கள். அதையே நம்பி விட்டால் மழைத்துளியையும் கடல் தெறிப்பையும் சேர்த்துத் தூசி என்று துடைத்துவிடும். ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டிஸ்க் விலை கடிப்பது இந்த வேலைக்காகத்தான். சென்னையில் பிரசாத் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களுக்கே இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் 65 எம்எம் நெகட்டிவில் மேற்பூச்சு வெடித்துக் கோடுகோடாக இருந்தது. அதை 8கே என்கிற மிக நுணுக்கமான அளவில் ஸ்கேன் செய்து, வெடிப்புகளை அடைத்து, படத்தின் ஐம்பதாவது வருஷமான 2012-ல் ப்ளூ-ரேயாக விட்டார்கள். மூன்று கேமராவில் எடுத்து மூன்று புரொஜெக்டரில் காட்டிய சினெராமா படம் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்'. அதன் 2008 ப்ளூ-ரேயில் மூன்று படமும் சேரும் இடத்துக் கோட்டைப் பெரும்பாலும் காணோம். எங்கள் பாய்த்துணித் தையல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

லாரன்ஸ் டிஸ்க்கைச் சவூதியின் தம்மாமில் வேலை பார்த்தபோது வாங்கி, விடுப்பில் வரும்போது கொண்டுவந்தேன். பாலைவனத்தைப் பார்க்கத் தம்மாமிலிருந்து டிஸ்க் வாங்கி வருகிறாயா என்று என் தங்கை சிரித்தாள். படம் தொடங்கியதும் என் மகன் பழக்கதோஷத்தில் ஜூமை அமுக்கினான். மாமாவுக்கு அப்போது கண் புரை ஆபரேஷன் முடிந்த சமயம். ஒட்டகம் ஒன்று ஓரத்தில் பாதியாகத் தெரிந்த மாத்திரத்தில், "டேய், எவன்டா அவன், லென்ஸை மாத்துனது?" என்று ஒரு சத்தம். பையன் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டான்.

சந்தடி சாக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் படத்தில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் போதும், 'ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிருவேன், தண்ணியில்லாத காடு' என்று ஒரு வசனம். தியேட்டரில் நாங்களும் உட்கார்ந்து அதைக் கேட்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. பிறகு பாட்டு எடுக்க மட்டும் தனுஷ்கோடிக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், இரண்டு பக்கக் கடலையும் ஸ்கோப்பில் அள்ளிக்கொண்டு போவார்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத 48 மடை' என்பார்கள். நிறைந்து கிடக்கும்போது அதன் கரையில் நின்று அந்த வசனத்தைப் பேசட்டும். வறட்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தண்டனை என்று சொல்ல இவர்கள் யார்? சரி, கேள்விக்கு வருகிறேன்.

'யூட்யூபில் இலவசமாகவே இருக்கிறதே, இதெல்லாம் கிழவர்கள் புலம்பல்' என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். லேப் படிப்பு எதுவும் நான் படிக்கவில்லை, கேபினில் நின்று பார்த்ததையும் டிஸ்க் வாங்கிப் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். உங்களுக்குப் பிடித்தபடி பார்த்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரவில்லை. டிஸ்க் வாங்கும்போது ஃபுல் ஸ்கிரீனா என்று பார்ப்பதை விட்டு, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், நெகட்டிவா, தேய்ந்த பிரிண்டா என்று பாருங்கள். படத்தில் மணல் மாதிரிப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், ஃபிலிமின் இயல்பு அது. அதை வழித்தெடுத்தால் முகத்துச் சுருக்கமும் சேர்ந்து போய்விடும். 1950-களின் ஸ்கோப் படங்களில் க்ளோஸ்-அப்பில் முகம் உப்பித் தெரிந்தால் அது அந்தக்கால லென்ஸின் கோளாறு. பொன்னுக்கு வீங்கி என்று ஹாலிவுட்டிலேயே கேலி செய்தார்கள். டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

1973-க்கு முந்தைய தமிழ்ப் படம் வாங்கினால் பட்டை பக்கவாட்டில் வரும். அவை ஸ்கோப் அல்ல, அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான். அதையும் சகிக்க மாட்டாமல், 'ஸ்கோப்பில் புதுப்பித்தது' என்று மேலேயும் கீழேயும் வெட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிரீடம் போய்விடும், பரதம் ஆடுகிற காட்சியில் பாதம் போய்விடும். 2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலில் திரும்ப வந்து நன்றாக ஓடியதிலிருந்து பழைய படத்துக்கு மவுசு கூடியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். எடுத்த அளவிலேயே கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டிவியின் பட அளவை 'ஒரிஜினல்' என்று வைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு உறுத்துகிறது என்றால் ஹால் லைட்டை அணையுங்கள். எந்தக் கொட்டகையிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு படம் காட்டியதில்லை.