எக்செல் ஃபார்முலா எந்த செல்களைச் சார்ந்திருக்கிறது என்பதை மவுஸ் இல்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?

மற்றவர்கள் தயாரித்த எக்செல் கோப்புகளைச் சரிபார்ப்பதே என் அன்றாட வேலை. விண்டோஸில் நான் நாள் முழுவதும் பயன்படுத்தும் விசைகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் பழக வேண்டியது கன்ட்ரோலும் [ விசையும். டி20 செல்லில் பி5 முதல் பி18 வரை கூட்டி, அதை சி3-ஆல் பெருக்கும் ஃபார்முலா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த செல்லில் நின்று இவ்விரண்டையும் சேர்த்து அழுத்தினால், பி5:பி18, சி3 ஆகிய இரண்டு பகுதிகளும் ஒன்றாகத் தேர்வாகிவிடும்; அதன்பின் என்டர் தட்டத் தட்ட, தேர்வு கலையாமல் ஒவ்வொரு செல்லாக நகர்ந்து மதிப்புகளைப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் எஃப்5 அழுத்தி என்டர் தட்டினால், மீண்டும் டி20-க்கே வந்துவிடுவீர்கள். இந்தத் திரும்பும் வழி தெரியாததால்தான் பலர் பெரிய கோப்புகளில் வழி தவறுகிறார்கள் என்பது என் கருத்து. கன்ட்ரோல், [ விசைகளுடன் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால், அதே ஷீட்டில் அந்தக் கணக்குக்கு மறைமுகமாக உதவும் செல்களும் தேர்வாகும்.

எதிர்த்திசையில், ஒரு செல்லை எந்த ஃபார்முலாக்கள் பயன்படுத்துகின்றன என்பதைக் கன்ட்ரோலும் ] விசையும் காட்டும். ஆனால் இது நீங்கள் இருக்கும் ஷீட்டை மட்டுமே பார்க்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒருமுறை, எந்த செல்லும் கிடைக்கவில்லை என்ற செய்தியை நம்பி நான் ஒரு வரிசையை நீக்கினேன். அந்த வரிசையை நம்பியிருந்த வேறொரு ஷீட்டின் மொத்தத் தொகைகள் எல்லாம், சுட்டிய செல் இல்லாமல் போனதைக் காட்டும் ரெஃப் பிழையாக (#REF!) மாறிவிட்டன. அன்றிலிருந்து எதையும் நீக்குவதற்கு முன் ஆல்ட், எம், டி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துகிறேன்; அந்த செல்லைப் பயன்படுத்தும் ஃபார்முலாக்களை இது அம்புகளால் காட்டும். வேறு ஷீட்டில் தொடர்பு இருந்தால், சிறிய அட்டவணைப் படத்துடன் புள்ளிக்கோட்டு அம்பு ஒன்று தோன்றும். அந்தக் கோட்டை மட்டும் மவுஸால் இருமுறை கிளிக் செய்தால், தொடர்புள்ள செல்களின் பட்டியல் திறக்கும். ஒரு ஃபார்முலா சார்ந்திருக்கும் செல்களைக் காட்டும் அம்புகளுக்கு டி-க்குப் பதில் பி. அம்புகளை அழிக்க ஆல்ட், எம், ஏ, ஏ.

இன்டைரக்ட் ஃபங்ஷன் உள்ள கோப்பில் அம்புகளையும் முழுமையாக நம்ப வேண்டாம். அது செல்லின் முகவரியை எழுத்துச் சரமாகப் பெற்றுக் கணக்கிடும்போதுதான் இடத்தைத் தேடுகிறது என்பதால், அப்படிச் சுட்டப்படும் செல்லுக்கு அம்பு வராது. எனவே கன்ட்ரோல், எஃப் அழுத்தி, தேடும் எல்லையை முழு ஒர்க்புக் என மாற்றி, இன்டைரக்ட் (INDIRECT) என்ற பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே நான் வரிசைகளில் கை வைக்கிறேன்.