மாறா நிறை: கணக்கு எங்கே சறுக்கும்?

கேள்வி: ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) நிறையே கிடையாது. இரண்டைச் சேர்த்து மாறா நிறை போட்டால் மட்டும் 135 எம்இவி (துகள் இயற்பியலில் ஆற்றலுக்கும் நிறைக்குமான அலகு) எங்கிருந்து வருகிறது சார்?

பதில்: மாறா நிறை என்பது, சிதைவில் வந்த துகள்களை வைத்துத் தாய்த் துகளின் நிறையைக் காணும் கணக்கு. அதில் நிறைகளை நாம் கூட்டுவதே இல்லை. ஆற்றலை எண்ணாகவும் உந்தத்தைத் திசையோடும் கூட்டுகிறோம். ஒளிவேகத்தை 1 என்று வைத்தால், நிறை² = (மொத்த ஆற்றல்)² − (மொத்த உந்தம்)². தலா 67.5 எம்இவி உள்ள இரு ஃபோட்டான்கள் எதிரெதிரே பறந்தால் உந்தம் கழிந்து சுழியாகும். 135 அப்படியே நிற்கும். ஓய்வில் இருந்த நடுநிலை பையான் (135 எம்இவி நிறையுள்ள, மின்னூட்டமற்ற துகள்) சிதைவது இப்படித்தான். அதே இரண்டும் ஒரே திசையில் போனால் விடை சுழி. பையான் வேகமாகப் பறந்தபடி சிதைந்தாலோ, ஃபோட்டான்களின் மொத்த ஆற்றல் ஏறும், இடைக்கோணம் சுருங்கும், 135 அசையாது. பெயரில் ‘மாறா’ இருப்பது அதனால்தான்.

கேள்வி: துகள் மோதுவியிலிருந்து வந்த என் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) கோப்பில் குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்), ஈட்டா (கற்றையோடு உள்ள சாய்வைக் காட்டும் எண்), ஃபை (கற்றையைச் சுற்றிய கோணம்) மட்டும் உள்ளன. போதுமா?

பதில்: போதும். நிறை² = 2 × (முதல் குறுக்கு உந்தம்) × (இரண்டாவது) × [காஷ்(ஈட்டா வித்தியாசம்) − காஸ்(ஃபை வித்தியாசம்)]. காஷ் என்பது ஹைப்பர்பாலிக் கொசைன்.

போட்டுப் பாருங்கள்: உந்தங்கள் 45, 40 ஜிஇவி (1 ஜிஇவி = 1000 எம்இவி), ஈட்டா 0.5, −0.3, ஃபை 0.2, 3.0. காஷ்(0.8) = 1.337, காஸ்(2.8) = −0.942. 3600 × 2.279 ≈ 8206, வர்க்கமூலம் 90.6 ஜிஇவி. இரு மியூவான்களாகச் சிதையக்கூடிய இசட் போசான் என்ற துகளின் நிறை 91.19, பக்கத்தில் வந்துவிட்டோம். ஃபை ரேடியனில் இருக்க, கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் இதே ஜோடி 35 ஜிஇவி காட்டும். பல ஜோடிகளின் நிறைகளை வரைந்த வரைபடத்தில் இசட் முகடே காணோம் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இந்தச் சூத்திரம் மியூவானின் 0.106 ஜிஇவி நிறையை விட்டுவிடுகிறது. இசட்டுக்கு அது பொருட்டே அல்ல. 3.097 ஜிஇவி உள்ள ஜே/சை துகளுக்கோ குறைந்தது 7 எம்இவி அடிவாங்கும். அங்கே முழுக் கணக்கையே போடுங்கள்.

கேள்வி: முகட்டின் அகலத்தை அளந்தால் ஆயுள் கிடைக்குமாமே?

பதில்: இசட்டின் இயல்பான அகலம் சுமார் 2.5 ஜிஇவி, அதிலிருந்து ஆயுள் ஏறக்குறைய 2.6 × 10⁻²⁵ நொடி என்று வரும். ஜே/சையிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் உண்மை அகலம் 0.1 எம்இவிக்கும் கீழே. மோதுவிகளின் மியூவான் வரைபடங்களில் பல பத்து எம்இவி அகலம் தெரிகிறதே, அது டிடெக்டரின் உந்த அளவீட்டுப் பிழை.

கேள்வி: சில எலக்ட்ரான்களுக்கு நிறை² எதிர்ம எண்ணாக வருகிறது. கோப்பு பழுதா?

பதில்: பழுதில்லை. 500 ஜிஇவி எலக்ட்ரானின் ஆற்றல்² 2,50,000; அதன் நிறை²யோ 0.00000026. 32 பிட் எண்ணில் இவ்வளவு நுண்ணிய வித்தியாசம் நிற்காது. 64 பிட்டுக்கு மாறுங்கள். கோப்பில் முன்பே இலக்கங்கள் வெட்டப்பட்டிருந்தால், தெரிந்த நிறையையும் உந்தத்தையும் வைத்து ஆற்றலைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

கேள்வி: டபிள்யூ போசான், மியூவானும் நியூட்ரினோவுமாகச் சிதைந்தால்?

பதில்: மாறா நிறை கிடைக்காது. நியூட்ரினோ டிடெக்டரில் சிக்காமல் தப்பிவிடும், கற்றைத் திசையில் அது கொண்டுபோன உந்தத்தை அறிய வழியில்லை, ஏனென்றால் மோதலின் மிச்சத் துகள்கள் பல கற்றைக் குழாய்க்குள்ளேயே போய்விடுகின்றன. குறுக்குத் திசையில் காணாமல்போன உந்தத்தை வைத்துக் குறுக்கு நிறை போடுங்கள்: 2 × (மியூவானின் குறுக்கு உந்தம்) × (காணாமல்போனது) × [1 − காஸ்(ஃபை வித்தியாசம்)], பிறகு வர்க்கமூலம். இதில் கூர்முகடு வராது, டபிள்யூவின் நிறையான 80.4 ஜிஇவி அருகே சரியும் விளிம்புதான் வரும்.

கேள்வி: முகட்டுக்கு அடியில் பரவிக் கிடக்கும் சரிவு என்ன?

பதில்: அதில் ஒரு பகுதி, தொடர்பில்லாத மியூவான்கள் ஜோடியாக மாட்டியவை. ஒரே மின்னூட்ட ஜோடிகளைத் தனியே வரையுங்கள். அங்கும் 91இல் கணிசமான முகடு தெரிந்தால் மின்னூட்டக் குறி தப்பாகப் படிக்கப்படுகிறது.