ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சோறு எப்போது சாப்பிடலாம், உடம்பு எப்போது தேறும்?

கேள்வி: எனக்கு 36 வயது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு நாள் ஆகிறது. தண்ணீர்கூட நெஞ்சுக்குழியில் நிற்பதுபோல் இருக்கிறது. வீட்டில் ஜவ்வரிசிக் கஞ்சியும் இளநீரும் தருகிறார்கள். சோறு எப்போது சாப்பிடலாம்? வேலைக்கு எப்போது திரும்பலாம்?

பதில்:

தம்பி, நான் சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, என் 43-ஆம் வயதில், இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டேன். அப்போது என் எடை 112 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், கூடவே எட்டு ஆண்டுச் சர்க்கரை நோய். இப்போது 76 கிலோவில் நிற்கிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதால், உங்கள் மருத்துவர் சொன்னதற்கும் நான் எழுதுவதற்கும் எங்கேனும் வேறுபாடு இருந்தால் அவர் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த நெஞ்சுக்குழி அடைப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளர் தையல் போட்டு ஒரு வாழைப்பழம் போன்ற குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லிதான். முதல் சில வாரங்கள் தையல் ஓரம் வீங்கியிருப்பதால் அந்த அளவுகூட இருக்காது. இரைப்பையின் கீழ்வாயில் உள்ள தசை வளையத்தை அவர்கள் தொடுவதில்லை. ஆகவே மேலிருந்து நாம் மடமடவென்று ஊற்றுவது சட்டென்று கீழே இறங்க வழியில்லாமல் குழாயை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தைத்தான் நெஞ்சுக்குழியில் உணர்கிறீர்கள். எனக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. டம்ளரில் வாய் வைத்தால் என்னையறியாமல் பெரிய மிடறாகவே விழுங்கிவிடுவேன் என்பதைப் பார்த்த என் அத்தை, என் மகளுக்குக் குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிச் சங்கைப் பீரோவிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். மூன்று சங்கு ஊற்றினால் மருந்து மூடியில் 30 மில்லிக் கோட்டைத் தொடும். கால் மணி நேரத்துக்கு மூன்று சங்கு என்று கணக்கு வைத்துக் குடித்தேன். வெதுவெதுப்பாகக் குடித்தபோது அடைப்பு குறைவாக இருந்தது. மலையில் குளிர்ந்த நீரைத் தவிர்த்து, பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

இனி அந்த ஜவ்வரிசிக் கஞ்சி. இதைப் பற்றித்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றாலே அடுப்பில் ஏறுவது ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கு ஆலைகள் சூழ்ந்த சேலத்தில் அது இல்லாத வீடு இல்லை. வயிற்றுக்கு மென்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முழுக்க முழுக்க மாவுச்சத்து; 100 கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. இளநீரில் தண்ணீரும் உப்புச் சத்தும் உண்டு, புரதம் இல்லை. அரிசிக் கஞ்சித் தெளிவும் அப்படித்தான். நமக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். உள்ளே தையல் ஆறுவதற்கும் அது வேண்டும். வரும் உணவு போதாமல் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கும்போது கூடவே தசையையும் கரைத்துவிடாமல் காப்பதற்கும் அது வேண்டும். நூறு மில்லி இடமுள்ள ஒரு வயிற்றைக் கஞ்சியால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு அன்று இடமே இருக்காது. முதல் எட்டு நாள் எனக்கும் கஞ்சிதான் கிடைத்தது. நான் சிகிச்சை பெற்ற தனியார் மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளில் நம் சமையலறையில் இல்லாத சூப்புகளின் பெயர்களே நிறைந்திருந்தன; அத்தைக்கு அதைப் படித்துச் சொல்ல எனக்கும் தெம்பில்லை; அவர் தமக்குத் தெரிந்த நல்லதைச் செய்தார். ஒன்பதாம் நாள் குளியலறையில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் டயட்டீஷியனைத் தொலைபேசியில் பிடித்து, தெளிவாக, நம் வீட்டுப் பாத்திரத்தில் எதை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டோம்.

பதினோராம் நாளில் நீங்கள் இன்னும் திரவ உணவுக் கட்டத்தில்தான் இருப்பீர்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை சில நாள்கள் முன்பின்னாக இருந்தாலும், பொதுவாக முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்துக் கூழாக்கியது, அதற்கடுத்த இரண்டு வாரம் குழைவானது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு வழக்கமான உணவு என்பதே முறை. திரவக் கட்டத்தில் எனக்குக் கைகொடுத்தவை பாலாடை நீக்கிய பாலில் கரைத்த புரோட்டீன் பவுடர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத தெளிந்த ரசம், நீர் மோர். இவற்றுள் ரசத்தையும் மோரையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள். புரதக் கணக்கில் பவுடரையும் பாலையும் மட்டும் நம்புங்கள். பவுடர் வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து, ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம் என்று டப்பாவின் பின்புறம் படித்து வாங்குங்கள். வீட்டில் ஊட்டச்சத்துப் பானம் என்று கலக்கிக் கொடுக்கும் பலவற்றில் சர்க்கரையே மிகுதி.

மூன்றாவது வாரம் பாசிப்பருப்பை மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து மிக்ஸியில் ஓட்டி இரண்டு மேசைக்கரண்டி சாப்பிட்டபோது, ஒரு விருந்து முடிந்த நிறைவு எனக்கு ஏற்பட்டது. துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த கெட்டித் தயிரும், ஆவியில் வேகவைத்து மசித்த முட்டையும் அந்த வாரத்துக்கு உரியவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஐந்தாவது வாரம் மேட்டூர் அணை மீன் வந்தது. கட்லாவின் முள் மெல்லியது என்பதால், என் கணவர் தட்டை விளக்கடியில் வைத்துக்கொண்டு சதையைக் கைவிரலால் நசுக்கிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். குழம்பில் போடாமல் மிளகும் உப்பும் தடவி இட்லித் தட்டில் வேகவைத்த அந்த மீன்தான் எனக்கு மிக எளிதாக இறங்கியது. கோழியை அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அதன் நார் உலர்ந்து அடைத்துக்கொள்ளும்.

சோற்றைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஏழாவது வாரம் அனுமதி கிடைத்தது. அதுவும் பருப்போ மீனோ முட்டையோ முதலில் சாப்பிட்டு முடித்து, இடம் இருந்தால் இரண்டு கரண்டி குழைந்த சோறு என்ற வரிசையில். இந்த வரிசை இன்றுவரை மாறவில்லை. சோறு, சப்பாத்தி, பன் போன்றவை எச்சிலில் ஊறிப் பசைபோல் திரண்டுவிடுவதால் தொடக்கத்தில் இவைதான் பெரும்பாலோர்க்குச் சிக்கிக்கொள்கின்றன. எனக்கு இட்லி சிக்கியது. ஐந்தாவது வார முடிவில் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், நின்றபடியே பாதி இட்லியை நான்கு வாயில் விழுங்கிவிட்டேன். மூன்றாவது நிமிடம் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்து அழுத்துவதுபோல் வலி. வாயில் எச்சில் நூல் நூலாக, நுரையாக ஊறிக்கொண்டே இருக்கிறது, அதை விழுங்கினாலும் மேலேயே வருகிறது. தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்தது இன்னொரு தவறு. போன தண்ணீருக்கும் இடமில்லை. முற்றத்தில் முக்கால் மணி நேரம் நடந்து, கடைசியில் அது வெளியே வந்த பிறகுதான் மூச்சு சீரானது. அன்றிலிருந்து காபிக் கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். ஒரு வாயை இருபது இருபத்தைந்து முறை மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்து, அது இறங்கியதை உணர்ந்த பிறகே அடுத்த வாய். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை; சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்கிறேன். விக்கலோ, மூக்கில் நீர் வடிவதோ, திடீரென ஒரு பெருமூச்சோ வந்தால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

இப்போது நான் எழுதுவதை உங்கள் வீட்டிலுள்ளவர்களும் படிக்க வேண்டும். முதல் மாதத்துக்குள் தையலில் கசிவு ஏற்படுவது அரிது, ஆனால் ஏற்பட்டால் உயிருக்கு ஆபத்து. ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் எதுவும் விடிந்ததும் பார்த்துக்கொள்ளக் கூடியது அல்ல. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு குத்தினாலோ அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். நீங்கள் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே. சேலத்துக்கு இறங்குவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால், கீழே இருப்பவர்களைவிட ஒரு படி முன்னதாகவே 108-ஐ அழைக்க வேண்டியவர் நீங்கள். மருத்துவமனையின் அவசர எண்ணை அடுக்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாந்தி என்று போனால் பக்கத்து மருந்தகத்திலோ கிளினிக்கிலோ ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம். இந்த அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு விடாத வாந்தி இருந்தால் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகிறது. அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படக்கூடும். பார்வை இரட்டையாகத் தெரிவதும், நடை தள்ளாடுவதும், பேச்சில் குழப்பம் வருவதும் அதன் அடையாளங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக உங்கள் அறுவை சிகிச்சையைச் சொல்லுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், இரைப்பையில் புண் வரும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவராக இருந்தால் பழைய அளவிலேயே தொடராமல் உடனே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது வாரமே சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது.

வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. பி12, டி, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவு சொல்வார்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபி மணம் சூழ்ந்த இடத்தில் வேலை செய்கிறீர்கள். காபியும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நான்காவது மாதம் சீப்பில் முடி கொத்தாக வந்தபோது நான் அழுதேன். வேகமாக எடை குறைபவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இப்படி உதிர்வது வழக்கம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்தாவது மாதம் நெற்றியோரம் புதுமுடி முளைத்திருந்தது.

வேலையைப் பொறுத்தவரை, உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்புகிறார்கள். நான் நான்கு வாரம் கழித்துச் சென்றேன், அதுவும் முதல் வாரம் மதியம் வரைதான். நீங்கள் நடக்கலாம், நடக்கவே வேண்டும். நான் மூக்கனேரிக் கரையில் பத்து நிமிடத்தில் தொடங்கி இரண்டு மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்கு வந்தேன். ஆனால் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குவதைச் சமதளத்தில் களைப்பின்றி அரை மணி நேரம் நடக்க முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காபி மூட்டையோ, எரிவாயு சிலிண்டரோ, தண்ணீர்க் குடமோ ஆறு வாரத்துக்குத் தொடவே வேண்டாம். கொழுப்பு குறையக் குறையக் குளிர் அதிகமாகத் தெரியும். மார்கழியில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி இல்லாமல் வெளியே போகாதீர்கள். மதுப் பழக்கம் இருந்தால், இப்போது அது முன்னைவிட விரைவாகத் தலைக்கு ஏறும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள், விட்டுவிடுவதே நல்லது.

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெருமளவு சுரப்பது இரைப்பையின் வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில்தான். ஆகவே சில மாதங்களுக்குப் பசியே தெரியாது. கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டும். ஆனால் வாயின் ஆசை அப்படியே இருக்கும். மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டுக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் துருவும் ஓசை கேட்டால் என் கால்கள் இன்றும் தயங்குகின்றன. ஒன்றை மட்டும் அனுபவத்தில் கண்டேன்: மீனும் முட்டையும் நான்கு வாயில் நிறைந்துவிடும், தட்டுவடையும் முறுக்கும் மிக்சரும் நொறுங்கிக் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்குவதால் எவ்வளவு தின்றாலும் நிறையாது. இரண்டாவது ஆண்டில் எனக்கு மூன்று கிலோ திரும்ப ஏறியது அந்த வழியாகத்தான்.

அத்தையிடம் கஞ்சி வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. "ஒரு வாய் குடி கண்ணு, வயிறு காயுது பாரு" என்று அவர் நிற்கும்போது மறுக்க மனம் வராது. கடைசியில் பருப்பை மசிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். கிராம் கணக்கை நாட்காட்டியின் பின்புறம் என்னைவிட ஒழுங்காக எழுதிவைத்தார். உங்கள் வீட்டிலும் கஞ்சி காய்ச்சும் கை எதுவோ அந்தக் கையிலேயே இந்தக் கணக்கைக் கொடுங்கள்.

இன்று இரவுக்குள் எத்தனை மில்லி குடித்தீர்கள், எத்தனை கிராம் புரதம் சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எல்லாத் திரவமும் சேர்ந்து ஒரு லிட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக் காலையே உங்கள் மருத்துவமனையை அழைத்து, எழுதியிருப்பதை அப்படியே படித்துச் சொல்லுங்கள். குடித்தது எதுவும் தங்காமல் வெளியே வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.