எண்டோமெட்ரியோசிஸ் எதிர்ப்பு சக்தி குறைந்ததாலா வருகிறது?

திசுப் பரிசோதனை செய்யும் பெத்தாலஜிஸ்ட் நான். கருப்பையின் உள்வரிச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இந்த நோயைப் பற்றிக் கேளுங்கள்.

டாக்டர், எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் எனக்கு இது வந்ததா? டானிக் ஏதாவது குடிக்கலாமா?

குறைவு என்பதைவிடக் கோளாறு என்று சொல்லலாம். மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம், உள்வரித் திசுத் துணுக்குகளோடு, கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய்த் தங்கும், நோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று 1927-இல் எழுதினார் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது சுமார் 90 சதவீதப் பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. மற்றவர்களுக்கு மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்துவிடுகின்றன. இந்த நோயில் அவை கூடுதலாகவே இருக்கும், விழுங்கும் திறன்தான் மந்தம். போதாக்குறைக்கு, புது ரத்தக்குழாயும் நரம்பும் முளைக்கத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. வேலி பயிரை மேய்வதோடு நிற்காமல் களைக்குத் தண்ணீரும் ஊற்றுகிறது! இந்த நோயில் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் கட்டிதான் சாக்லேட் சிஸ்ட். அதன் சுவரை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பழைய ரத்தத்தின் இரும்பை விழுங்கி, துருப்பொடி அடைத்த மூட்டைகள் மாதிரி இந்த செல்கள் பழுப்பாக உப்பிக் கிடக்கும். டானிக் இவற்றை என்ன செய்யப்போகிறது?

அப்படியானால் லூபஸ் மாதிரி ஆட்டோஇம்யூன் நோயா?

எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்கும் நோய்களைத்தான் ஆட்டோஇம்யூன் என்கிறோம். அந்தப் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை. ஆனால் முடக்குவாதம், சீலியாக் (கோதுமையின் குளூட்டனால் வரும் குடல் நோய்) போன்றவை இவர்களிடம் சற்று அதிகம் காணப்படுகின்றன. எது காரணம், எது விளைவு என்பது முடிவாகவில்லை. காலையில் விரல் மூட்டு விறைத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேன் நார்மல். வலியோ உயிர் போகிறது. எல்லாம் மனப்பிரமை என்கிறார் மாமியார்.

வயிற்றின் உள்சவ்வில் மெல்லிசாகப் படிந்த புள்ளிகள் ஸ்கேனில் பெரும்பாலும் சிக்காது. சின்னப் புள்ளி பெரிய வலி தரும், பெரிய கட்டி சத்தமில்லாமல் இருக்கும். ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, மாமியார் உட்பட.

சிஏ-125 கூடியிருக்கிறது. கேன்சரா?

சிஏ-125 ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம். இந்த நோயிலேயே கூடும், மாதவிலக்கு நாட்களிலும் கூடும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஸ்டீராய்டு கொடுத்து அடக்க முடியாதா?

இதற்கு அது வழக்கத்தில் இல்லை. இந்த அழற்சிக்கு எண்ணெய் ஊற்றுவது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன். இடம் மாறிய திசு தானும் அதைத் தயாரித்துக்கொள்கிறது. அதனால்தான் அதை அடக்க டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை, கூடவே வலி மாத்திரை. தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகும் சிலருக்குத் திரும்ப வரும்.

ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார்களே அக்கா?

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பலாம். நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று 2022-இன் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது.