கிணற்றில் நீச்சல் பழகிக் கடற்படைக்குப் போன சித்தி

பெருந்துறையில் இருக்கிறோம், மகள் கடற்படையில் சேரணும் என்கிறாள், நம்ம பக்கம் அப்படிப் போன பெண் யாராவது உண்டா, வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டுங்க, என் சித்தியே போனார். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) வளர்ந்தவர், கடலையே கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதலில் பார்த்தார்.

பி.காம். முடித்த கையோடு பேப்பர் விளம்பரம் பார்த்து யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்துவிட்டார். மருத்துவப் பிரிவைத் தவிர்த்துப் பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியதே 1992-ல்தான், இவர் சேர்ந்தது 1996. ஆர்டர் வந்த அன்று அம்மாயி (அம்மாவின் அம்மா) அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லையாம். "கப்பல்ல போறவளை எவன் கண்ணாலம் கட்டுவான்?" என்று ஒரே அழுகை. அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒன்றும் பேசவில்லை, மஞ்சள் மூட்டை போட்ட காசில் ஒரு பெட்டி வாங்கி வந்து திண்ணையில் வைத்தார், அவ்வளவுதான்.

பயிற்சி கோவாவில். அங்கே சித்தியைக் காப்பாற்றியது நீச்சல். சின்ன வயதில் முதுகில் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்காய்க் குடுவை) மிதவையாகக் கட்டி அப்புச்சி கிணற்றில் தள்ளிவிட்டுப் பழக்கியிருந்தார். கடலோர ஊர்களிலிருந்து வந்த பெண்கள் சிலர் தண்ணீருக்கு முன்னால் நின்று நடுங்க, கடலே இல்லாத ஊர்க்காரி மேலேயிருந்து தலைகீழாகக் குதித்திருக்கிறார். ஓட்டத்தில்தான் கடைசி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை தளவாடப் பிரிவில்: ரேஷன், சீருடை, உதிரிபாகம், கணக்கு. லீவில் வந்தால் ஊரே கேட்கும், "ஏனம்மிணி, நீ கப்பல் ஓட்டறயா?" "இல்லீங், கப்பல்ல இருக்கறவங்களுக்கு அரிசி பருப்பு அனுப்பறேனுங்" என்பார். (சொந்தக்காரர்கள் அடுத்துக் கேட்பது கேண்டீன் பாட்டில். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.) சிரித்துக்கொண்டு சொன்னாலும் அதில் ஒரு குறை இருந்தது. கடற்படையில் இத்தனை வருடம் இருந்தும் கப்பலில் பணியில்லை. 2020-க்குப் பிறகுதான் போர்க்கப்பல்களுக்குப் பெண் அதிகாரிகளைத் தொடர்ந்து அனுப்ப ஆரம்பித்தார்கள்.

குறுகிய காலப் பணி என்பதால் பதினான்கு வருடத்தோடு 2010-ல் வெளியே வந்தார். பென்ஷனுக்கு இருபது வருடம் வேண்டும், அன்றைக்கு விதி அதுதான். பெண் என்பதற்காக நிரந்தரப் பணியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17-ல் தீர்ப்புச் சொன்னபோது சித்தி தோட்டத்தில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருந்தார். போனில் சொன்னேன். "சரி, இனி வர்ற புள்ளைங்களுக்காச்சு" என்றார். ஆனால் தாரிணி பாய்மரப் படகில் தில்னா, ரூபா என்ற இரண்டு அதிகாரிகள் 2024 அக்டோபரில் கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்களே, அப்போது தினமும் காலையில் எனக்குப் போன் போட்டு அவர்கள் எங்கே வந்திருக்கிறார்கள் என்று கேட்டவரும் இவர்தான். ரூபா புதுச்சேரிப் பெண் என்பதில் தனிச் சந்தோஷம்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். 2022 முதல் அக்னிவீர் வழியாக மாலுமியாகவும் பெண்கள் சேரலாம், ஆனால் அது நான்கு வருடம், அப்புறம் நான்கில் ஒரு பங்கு பேர் வரைதான் தொடர முடியும். என்னைக் கேட்டால் டிகிரி முடித்து அதிகாரித் தேர்வுக்கே போகச் சொல்வேன். பயிற்சி இப்போது கேரளாவில் ஏழிமலையில், பையனூர் வரை ரயில் இருக்கிறது. நீச்சல் தெரியாவிட்டாலும் அங்கே பழக்கிவிடுவார்கள். கண் பார்வையை மட்டும் இப்போதே காட்டிவிடுங்கள், சித்தியோடு விண்ணப்பித்த தோழி அதில்தான் திரும்பி வந்தார்.