மெக்கானிக் பதில்கள்: சீல் மாற்றியும் நிற்காத ஆயில்

கேள்வி: ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். மூன்று பிளஞ்சர் (முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளும் தண்டு) உள்ள பம்ப், 5 ஹெச்பி மோட்டார், பெல்ட் டிரைவ். புல்லி பக்கம் ஆயில் ஒழுகுகிறது. ஒரே மாதத்தில் இரண்டு முறை ஷாஃப்ட் சீல் (சுற்றும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியாயிற்று, பத்து நாள் தாங்குகிறது, அப்புறம் பழைய கதைதான். கிராங்க் (பிளஞ்சர்களை ஓட்டும் தண்டு) போய்விட்டது, புது பம்ப் வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: பொறுங்கள், பணத்தை எடுக்காதீர்கள். புது சீல் பத்து நாளில் தோற்றுப்போகிறது என்றால் கோளாறு சீலில் இல்லை, சீலைக் கெடுக்கிற எதிலோ இருக்கிறது.

முதலில் ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். பம்பை டீசல் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். கீழே ஒரு வெள்ளைத்தாள். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால் பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். புல்லி சுற்றும் காற்றில் ஆயில் எங்கெங்கோ தெறிக்கும், அதனால் சொட்டு விழும் இடத்தை நம்பக் கூடாது. (பெல்ட் கவரைக் கழற்றிவிட்டு ஓடும்போது எட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.)

ஷாஃப்ட் பக்கம்தான் என்று உறுதியானால், சீலைத் தொடுவதற்கு முன் ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். அதில் காற்றுத் துளை இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது உள்ளே சூடாகிக் காற்று விரியும், அது வெளியேற வழி இல்லாவிட்டால் சீல் உதட்டை, அதாவது ஷாஃப்டைத் தொடும் ரப்பர் விளிம்பை, தள்ளிக்கொண்டு ஆயிலோடுதான் வரும். துளை சேறும் கிரீஸுமாக அடைத்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு: பல பம்புகள் லாரியில் வரும்போது ஆயில் சிந்தாமலிருக்கத் துளையில்லாத மூடி போட்டு வரும், துளையுள்ள மூடியைத் தனியாகக் கவரில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பொருத்த வந்தவர் அதை மாற்ற மறந்துவிட்டால் நீங்கள் வருடம் முழுக்க சீல் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆயில் அதிகமாக இருந்தாலும் இதே தொல்லைதான். பம்ப் நின்று ஆறிய பிறகு ஆயில் அளவு காட்டும் கண்ணாடியின் நடுப்புள்ளி வரை இருந்தால் போதும். ஒழுகுகிறதே என்று பயந்து விளிம்பு வரை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்!

அது சரியாக இருந்தால் அடுத்தது ஷாஃப்ட். சீலைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால் அங்கே எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளி உட்காரவைத்தால் உதடு புது இடத்தில் படும், இல்லாவிட்டால் ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்ற வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, பெரும்பாலும் பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இறுக்கியதால். பேரிங் மாற்றாமல் சீல் மாற்றுவது வீண்.

சீல் போடும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். சாவிப் பள்ளத்தின் (புல்லியைப் பூட்ட ஷாஃப்டில் வெட்டியிருக்கும் பள்ளம்) மேல் டேப் ஒட்டி, உதட்டில் ஆயில் தடவி ஏற்றுங்கள். அந்தப் பள்ளத்தின் கூர்விளிம்பு ஒரு நொடியில் உதட்டைக் கிழித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. உங்கள் இரண்டு சீலில் ஒன்று இப்படிப் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: எங்கள் பம்பில் வெளியே ஒழுகலே இல்லை. ஆனால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிட்டது, கண்ணாடியில் அளவும் ஏறியிருக்கிறது. மாற்றி இரண்டு வாரத்தில் மறுபடி அதே நிலை.
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: தண்ணீர் உள்ளே போகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் லேசாக வெளுக்கும், ஆனால் அளவு ஏறாது. பம்ப் தலைக்கும் (தண்ணீர் ஓடும் பகுதி) ஆயில் பெட்டிக்கும் நடுவே அடியில் சின்ன வழிகள் விட்டிருப்பார்கள். தண்ணீர் பக்கத்து பேக்கிங் (பிளஞ்சரைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் வளையம்) தேய்ந்தால் தண்ணீரும், ஆயில் பக்கத்து சீல் தேய்ந்தால் ஆயிலும் அங்கே சொட்டி நமக்குத் தகவல் சொல்லும். அந்த வழி சேற்றில் அடைபட்டால் தண்ணீர் வேறு போக்கிடம் இல்லாமல் பிளஞ்சர் கம்பியோடு ஆயிலுக்குள் போய்விடும். ஒருவர் "சொட்டு நின்றுவிட்டது சார்" என்று பெருமையாகக் காட்டினார், குனிந்து பார்த்தால் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை வைத்து அடைத்திருந்தார்.

வழியைக் குத்திச் சுத்தம் செய்து, மூன்று பேக்கிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஆயில் பக்கத்து சீலையும் அப்போதே. செராமிக் பிளஞ்சரில் கீறலோ முடிக்கோடு போன்ற வெடிப்போ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது பிளஞ்சர் போல்ட்டுக்குக் கீழே இருக்கும் வாஷரையும் ஓரிங்கையும் (சின்ன ரப்பர் வளையம்): அது போனால் தண்ணீர் பிளஞ்சரின் உள்துளை வழியாகவே பின்னால் வந்துவிடும், பேக்கிங் புதிதாக இருந்தும் ஆயில் வெளுக்கும். இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பேக்கிங் சீக்கிரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பழக்கம். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை மூடிவிட்டு, மோட்டாரை நிறுத்தாமல் ஷாம்பு தேய்க்கப் போகிறோம். அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறி பேக்கிங்கை வேகவைக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் என்றால் நிறுத்திவிடுங்கள். வெளுத்த ஆயிலில் பம்பை ஓட்டாதீர்கள், பேரிங் துருப்பிடிக்கும்.

கேள்வி: பைக்கில் வடித்த பழைய ஆயிலை ஊற்றலாமா?
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: கூடாது. பம்ப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடை ஊற்றுங்கள், இந்த ரகப் பம்புகள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40. புது பம்பில் முதல் 50 மணி நேரத்தில் ஒரு முறை, அப்புறம் 500 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

கேள்வி: ஓடும்போது ஒழுகாது, காலையில் பார்த்தால் மட்டும் கீழே ஒரு வட்டம் ஆயில். ஏன்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வடிக்கும் போல்ட்டின் வாஷரைப் பாருங்கள் அம்மா. அது நசுங்கியிருந்தால் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் கேட்காது, புதுசு போடுங்கள்.